இராஜயோகம்: ஒரு நூல் பிறந்த வரலாறு

1. முன்னுரை

சுவாமி விவேகானந்தர் மேலை நாடு சென்ற செய்தி தமிழ் மக்கள் நன்கு அறிந்ததொன்று. 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் சிகாகோ நகரில் தொடங்கிய சர்வ சமயப் பேரவையில் அவர் எழுந்து நின்றதும், அவையோரை உடன்பிறந்தாராக விளித்ததும், கேட்டோர் ஆரவாரித்ததும் பள்ளிச் சிறுவர்களும் சொல்லக்கூடியவை. அந்த ஒரு நாள் பெற்ற பெரும்புகழால், அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அந்நாட்டில் அவர் ஆற்றிய ஆசிரியப் பணி சற்றே மறைந்து நிற்கின்றது. அப்பணியின் ஒரு பகுதியை ஈண்டு ஆராய எடுத்துக்கொள்கின்றோம்.

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் மாநகரில் லாங்மன்ஸ் கிரீன் நிறுவனத்தார் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டனர். அதற்கு முந்திய குளிர்காலத்தில் நியூயார்க் நகரில் சுவாமிகள் நடத்திய வகுப்புகளின் எழுத்து வடிவம் அது. 'இராஜயோகம்' என்று இன்று நாம் வழங்குவது அந்நூலையே. அது எவ்வாறு தோன்றியது? அதன் பொருள் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டது? அதனை உருவாக்கிய கைகள் யாருடையவை? இவையே இக்கட்டுரையின் வினாக்கள்.

இவ்வினாக்களுக்குள் பெரியதொரு வழக்கு அடங்கியுள்ளது. மேலை நாடு சென்ற யோகத்தைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. நம் முன்னோர் போற்றிய யோகம் சிறிதும் மாறாமல் கடல் கடந்தது என்பர் ஒரு சாரார். மேலை நாட்டார் சுவைக்கேற்ப அது திரிந்து நீர்த்துப்போயிற்று என்பர் மற்றொரு சாரார். முன்னவர் பெருமிதம் கொள்கின்றனர், பின்னவர் வருந்துகின்றனர். ஆயினும் இரு சாராரும் யோகத்தை முன்னமே கட்டி முடித்த ஒரு மூட்டையாகக் கருதுவதில் ஒன்றுபடுகின்றனர். மூட்டை முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா, வழியில் சிதறியதா என்பதே அவர்தம் வழக்கு. இராஜயோகம் என்னும் நூலின் வரலாற்றை நோக்கின் வேறோர் உண்மை புலனாகின்றது. போதனை சென்ற இடத்திலேயே அதன் உருவம் அமைந்தது. அவ்வுருவத்தைச் சுவாமிகள் அறிந்தே அமைத்தார். அதற்குரிய சான்று, சென்னையில் வாழ்ந்த ஒரு பள்ளி ஆசிரியருக்கு அவர் எழுதிய கடிதத்தில் உள்ளது.

2. சென்னை அன்பர்கள்

நரேந்திரநாத தத்தர் என்னும் இயற்பெயருடைய சுவாமிகள் 1863-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர். தம் குருநாதராகிய இராமகிருஷ்ண பரமஹம்சர் 1886-இல் மறைந்தபின் துறவியாய்ப் பாரத நாடெங்கும் சுற்றி, 1892-ஆம் ஆண்டின் இறுதியில் குமரிமுனையை அடைந்தார். அங்கிருந்து சென்னைக்கு வந்தபோது அவரைச் சூழ்ந்தோர் பெரும்பாலும் கற்ற இளைஞர்கள். அவர்களுள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் அளசிங்கப் பெருமாள். பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தவர், வைணவ மரபினர், செல்வர் அல்லர்.

சிகாகோவில் உலகக் கண்காட்சியை ஒட்டிச் சமயப் பேரவை ஒன்று கூடவிருக்கும் செய்தி பரவியபோது, சுவாமிகளை அங்கு அனுப்ப வேண்டும் என்று முனைந்தோர் இவ்விளைஞர்கள். அளசிங்கர் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினார். பெருஞ்செல்வரிடம் மட்டும் செல்லாது நடுத்தர மக்களிடமும் கேட்டுப் பெறுமாறு சுவாமிகள் கூறினார். தாம் செல்வது எளிய மக்களின் பொருட்டே என்பது அவர் கருத்து. இராமநாதபுரத்து மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கமளித்தார். இராசபுதனத்துக் கேத்ரி மன்னர் அஜித் சிங் பயணத்திற்கு வேண்டிய உதவியைச் செய்தார்.

1893-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பல் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியே சென்றது. ஜப்பானில் வேறு கப்பல் ஏறி ஜூலை 25-ஆம் நாள் கனடா நாட்டு வான்கூவரில் அவர் இறங்கினார். சிகாகோவை அடைந்த பின்னரே இரண்டு செய்திகள் தெரியவந்தன. பேரவை செப்டம்பரில்தான் கூடும். உரிய சான்றுக் கடிதம் இல்லாதார்க்கு அதில் இடமில்லை. அனுப்பிய இளைஞர்களுக்கு இவ்விதிகள் தெரியா. ஆர்வம் இருந்த அளவு உலக வழக்கின் அறிவு அவர்களிடம் இல்லை. செலவு குறைந்த இடம் தேடிச் சுவாமிகள் பாஸ்டன் பகுதிக்குச் சென்றார். நாள்தோறும் ஏறத்தாழ ஒரு பவுன் கரைந்தது என்று ஆகஸ்டு 20-ஆம் நாள் அளசிங்கருக்கு எழுதினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அளித்த அறிமுகக் கடிதமே பேரவையின் கதவைத் திறந்தது.

பேரவைக்குப் பின்னரும் சென்னையின் தொடர்பு அறவில்லை. 1894-ஆம் ஆண்டு ஏப்ரலில் பச்சையப்பன் மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் நிகழ்ந்தது. 1895 செப்டம்பரில் 'பிரம்மவாதின்' என்னும் ஆங்கில இதழ் சென்னையில் தோன்றிற்று. அதனைத் தாங்கி நின்றவரும் அளசிங்கரே. அடுத்த ஆண்டு ஜூலையில் 'பிரபுத்த பாரதம்' தொடங்கப் பெற்றது. அதன் ஆசிரியர் கமலாம்பாள் சரித்திரம் எழுதிய பி. ஆர். இராஜமையர் என்பது தமிழ் இலக்கிய வரலாற்றார் கருத்திற்கொள்ளத்தக்கது. இலண்டனில் இராஜயோகம் வெளிவந்த அதே திங்களில் சென்னையில் தமிழ் நாவலாசிரியர் ஒருவர் வேதாந்த இதழ் ஒன்றைத் தொடங்குகின்றார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே இயக்கத்தின் இரு முனைகள்.

3. நியூயார்க் வகுப்புகள்

பேரவை முடிந்தபின் சுவாமிகள் சொற்பொழிவு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் பேசினார். அந்நாட்டில் அக்காலத்தில் சொற்பொழிவு ஒரு தொழில். கட்டணம் செலுத்திக் கேட்டு மகிழ்ந்து கலைந்து செல்லும் கூட்டங்கள் எங்கும் இருந்தன. இவ்வாறு பேசிப் பயன் இல்லை என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1894-இல் அவ்வொப்பந்தத்தினின்று விலகினார். அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க் வேதாந்த சங்கம் தோன்றியது.

1895-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கின் மேற்கு முப்பத்து மூன்றாம் தெருவில், 54-ஆம் எண் வீட்டில் அறைகள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. பேச்சாளர் ஆசிரியரானது இங்கேதான். வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. சமயக் கல்வியை விலைக்கு விற்றல் கூடாது என்னும் நம் நாட்டு மரபை அவர் அங்கும் கைவிடவில்லை. வந்தோர் மனமுவந்து அளித்த பொருளாலும், இந்திய நாட்டைப் பற்றிய பொதுச் சொற்பொழிவுகளால் ஈட்டிய பொருளாலும் வாடகை தீர்ந்தது. இடமோ மிகச் சிறிது. நாற்காலிகள் போதாமல் மேசையின் மீதும், மூலையில் இருந்த முகங்கழுவும் பளிங்கு மேடையின் மீதும், வெறுந்தரையிலும் மாணவர் அமர்ந்தனர். ஆசிரியரும் தரையிலேயே அமர்ந்தார்.

அவ்வாண்டு கோடையில் தூய லாரன்சு ஆற்றின் நடுவே உள்ள ஆயிரந்தீவுப் பூங்கா என்னும் இடத்தில் ஏறத்தாழ ஏழு வாரம் தங்கிப் பன்னிருவர் அளவினதாகிய சிறு குழுவிற்குப் பாடம் சொன்னார். பின்னர் இங்கிலாந்து சென்று, டிசம்பரில் நியூயார்க்கிற்குத் திரும்பினார். மேற்கு முப்பத்தொன்பதாம் தெருவில் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. ஞானம், கர்மம், பக்தி, இராஜயோகம் என நான்காகப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. எப்பொருளையும் ஒரே சொற்பொழிவில் சொல்லி முடிக்கும் நிலை மாறி, படிமுறையாகச் சொல்லும் நிலை வந்தது. நூல் தோன்றுவதற்கு வேண்டிய நிலம் பண்பட்டுவிட்டது.

4. எழுதிய கைகள்

சுவாமிகள் தம் வகுப்புகளை எழுதிவைத்துப் படிப்பவர் அல்லர். வாய்மொழியாக வந்தது காற்றில் போகாதவாறு காக்கும் கடமை மாணவருடையதாயிற்று. இவ்வகையில் இருவர் சிறப்பாக நினைக்கத்தக்கவர்.

ஒருவர் புரூக்ளினைச் சேர்ந்த எல்லன் வால்டோ அம்மையார். ஆயிரந்தீவுப் பூங்காவில் சுவாமிகள் கூறியவற்றை இவர் நெடுங்கையெழுத்தில் குறித்து வைத்தார். அக்குறிப்புகளே 1908-இல் சென்னையில் நூலாகப் பதிப்பிக்கப்பட்டன. இராஜயோக நூலின் பிற்பகுதியாகிய பதஞ்சலி சூத்திர மொழிபெயர்ப்பையும் விளக்கத்தையும் சுவாமிகள் சொல்லச் சொல்ல எழுதியவரும் இவரே. ஒரு சூத்திரத்தைக் கூறிவிட்டு அவர் நெடுநேரம் சிந்தையில் ஆழ்ந்துவிடுவாராம். எப்பொழுது பேசத் தொடங்குவார் என்பது தெரியாது. பேனாவை மையில் தோய்த்துப் பிடித்தவாறு அம்மையார் காத்திருப்பார். அவ்வாறு பிறந்தது அவ்வுரை. நம் பழைய உரையாசிரியர்கள் மாணவர்க்குப் பாடஞ்சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதிய முறையினின்று இது பெரிதும் வேறுபட்டதன்று.

மற்றொருவர் ஜோசையா ஜான் குட்வின் என்னும் ஆங்கிலேய இளைஞர். வகுப்புகளைப் பதிவு செய்யச் சுருக்கெழுத்தாளர் வேண்டும் என்று மாணவர் முயன்றனர். முதலில் அமர்த்தியவர் சுவாமிகளின் பேச்சைத் தொடர இயலாது கைவிட்டார். பின்னர் 1895 டிசம்பரில் குட்வின் வந்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்தைந்து. நீதிமன்றங்களில் பழகித் தேர்ந்த கை. விரைந்த பேச்சும் அவர்க்கு எளிது. கூலிக்கு வந்தவர், சில வாரங்களிலேயே கூலியை மறுத்தார், மாணவராயினார், சுவாமிகளுக்கு அணுக்கத் தொண்டராயினார். பகலில் எழுதியதை இரவில் தட்டச்சு செய்து அச்சுக்குத் தருவது அவர்தம் அன்றாட வேலை. இராஜயோகத்தின் முற்பகுதியாகிய வகுப்புரைகள் நமக்குக் கிடைத்தமைக்கு இவரே காரணம்.

ஒரு செய்தியை இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம். பேசியவர் ஒருவர், எழுதியோர் வேறு, கேட்டோரின் ஐயங்களும் அறியாமையும் விருப்பங்களும் பேச்சின் போக்கை வகுத்தன. ஆதலின் இந்நூலின் நடையில் வகுப்பறையின் ஓசை இன்றும் கேட்கின்றது. கேள்வியை எதிர்பார்த்து விடை கூறுதல், ஒரே கருத்தை வேறு சொல்லால் மீண்டும் சொல்லுதல், கதை கூறுதல் ஆகியவை அவ்வகுப்பறை தந்த கொடைகள்.

5. தெரிந்தெடுத்த பொருள்

பதஞ்சலியின் யோக சூத்திரம் 1896-க்கு முன் ஆங்கிலம் அறியாததன்று. இராஜேந்திரலால் மித்திரரின் மொழிபெயர்ப்பு 1883-இல் கல்கத்தாவில் வெளிவந்தது. மணிலால் துவிவேதியின் மொழிபெயர்ப்பு 1890-இல் பம்பாயில் வெளிவந்தது. 1875-இல் நியூயார்க்கில் தோன்றிப் பின் அடையாற்றில் நிலைபெற்ற பிரம்மஞான சபையாரும் இராஜயோகம் என்னும் சொல்லை வழங்கினர். எனவே, சுவாமிகள் ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்கவில்லை. அவர் புதிதாகச் செய்தவை மூன்று என யாம் கருதுகின்றோம்.

முதலாவது, பெயரீடு. பதஞ்சலி தம் நூலில் இராஜயோகம் என்னும் சொல்லை ஆளவில்லை. அச்சொல் பிற்காலத்தது. அடயோகப் பிரதீபிகை, அடயோகத்தை இராஜயோகமாகிய உயர்நிலைக்கு ஏறும் படியாகக் கூறும். சுவாமிகளோ பதஞ்சலி நெறியையே இராஜயோகம் எனப் பெயரிட்டு, அடயோகத்தை வேறாகப் பிரித்து ஒதுக்கினார். அதன் பயிற்சிகள் கடினமானவை, உடல் நலத்திற்கு அப்பால் ஆன்ம வளர்ச்சிக்குப் பெரிதும் உதவாதவை என்பது அவர் கருத்து. ஆசனம் பற்றி அவர் வேண்டுவது சிறிதே: மார்பு, கழுத்து, தலை மூன்றும் நேராக நிற்க, நெடுநேரம் துன்பமின்றி அமர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு. அடயோகத்தைப் பெயரளவில் ஒதுக்கியவர், அதற்குரிய பொருள்கள் சிலவற்றை விடவில்லை. இடைகலை, பிங்கலை, சுழுமுனை, மூலாதாரம், குண்டலினி ஆகியவற்றை நூலின் முற்பகுதியில் விரித்துரைக்கின்றார். பதஞ்சலியிடம் குண்டலினி பற்றிய பேச்சே இல்லை. ஆயின் இவ்விணைப்பு தமிழர்க்கு வியப்பளிப்பதன்று. திருமூலரின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைக் கூறுகின்றது. நாடிகளும் மூச்சும் மூலாதாரத்து எழும் ஆற்றலும் திருமந்திரத்தில் அந்நெறியோடு பிரிவின்றி வருகின்றன. ஆகவே, சுவாமிகள் செய்த இணைப்பை மேலை நாட்டாரை மகிழ்விக்கச் செய்த கலப்படம் என்று தள்ளுதல் பொருந்தாது. நம் மரபிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு.

மூன்றாவது, மொழி. சித்தம் என்பதற்கு மனமாகிய பொருள் என்றும், விருத்தி என்பதற்கு அலை என்றும் பொருள் கொண்டு, ஏரி ஒன்றைக் காட்டுகின்றார். அலை ஓயும்வரை ஏரியின் அடித்தளம் தெரியாது. மனம் ஓயும்வரை ஆன்மா புலனாகாது. மற்றோரிடத்தில், கோபுரத்தில் சிறையிடப்பட்ட அமைச்சன் கதையைக் கூறுகின்றார். தன் மனைவி வண்டொன்றில் கட்டி அனுப்பிய பட்டு நூலைப் பிடித்து, அதன் வழியே தடித்த நூலையும், பின் கயிற்றையும், இறுதியில் வடத்தையும் பெற்று அவன் இறங்கித் தப்பினான். மூச்சே அப்பட்டு நூல். அதனைப் பற்றியவன் படிப்படியே பிராணன் முழுவதையும் பற்றுவான். கலைச்சொல் அறியாத ஒருவர்க்குப் பிராணாயாமத்தை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது.

இவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம். அது காலத்தின் சாயல். சமயம் நம்பிக்கையளவில் நில்லாது சோதனைக்கு உட்பட வேண்டும் என்னும் கருத்து நூல் முழுதும் ஒலிக்கின்றது. ஆகாசத்தையும் பிராணனையும் அக்கால இயற்பியல் கூறிய பொருளோடும் ஆற்றலோடும் அவர் ஒப்பிடுகின்றார்; ஈதர் என்னும் நுண்பொருளைப் பற்றியும் பேசுகின்றார். மின்னியல் அறிஞர் நிக்கோலா டெஸ்லாவை 1896-இன் தொடக்கத்தில் சந்தித்து, இவ்வொப்புமைக்குக் கணித முறையில் சான்று கிடைக்கும் என்றும் நம்பினார். அச்சான்று கிடைக்கவில்லை, ஈதர்க் கொள்கையும் பின்னாளில் இயற்பியலாரால் கைவிடப்பட்டது. நூலின் பகுதிகளுள் முதுமையடைந்தது இதுவே எனல் தவறாகாது. காலத்தின் அறிவியலைத் துணைக்கொள்ளும் சமய நூல், அவ்வறிவியல் மாறும்போது தானும் ஓரளவு தளர்வது இயல்பு.

6. அளசிங்கருக்கு எழுதிய கடிதம்

மேற்கூறிய தெரிவும் மாற்றமும் தற்செயலாக நேர்ந்தனவா, அறிந்து செய்தனவா? 1896-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் சுவாமிகள் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதம் இதற்கு விடை தருகின்றது. இராஜயோக வகுப்புகள் நிகழ்ந்த அதே குளிர்காலத்தில் எழுதப்பட்டமையால் இதன் சான்று வலியது.

அக்கடிதத்தின் கருத்து வருமாறு: இந்துக்களின் கருத்துகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வறண்ட தத்துவத்தினின்றும் சிக்கலான புராணங்களினின்றும் எளிய, யாவரும் ஏற்கத்தக்க சமயம் ஒன்றை உருவாக்க வேண்டும், அச்சமயம் உயர்ந்த அறிஞரையும் நிறைவு செய்தல் வேண்டும், இது முயன்றவர்க்கே தெரியும் அருஞ்செயல். அருவமான அத்துவைதம் அன்றாட வாழ்வில் உயிர்பெற வேண்டும். திகைப்பூட்டும் யோகக் கருத்துகளினின்று அறிவியல் முறையமைந்த, நடைமுறைக்கு உகந்த உளநூல் பிறக்க வேண்டும். இவை யாவும் ஒரு குழந்தையும் பற்றிக்கொள்ளும் வடிவில் அமைய வேண்டும். இதுவே தம் வாழ்நாட் பணி என்கின்றார்.

இக்கடிதத்தில் நாம் காண்பது ஆக்கத்தின் பேச்சு. உள்ளதை உள்ளவாறே ஒப்படைப்பவர் இவ்வாறு எழுதமாட்டார். கேட்போர் விரும்பியதையெல்லாம் கொடுத்தவரின் பேச்சும் இதுவன்று. கற்றோரும் குழந்தையும் ஒருங்கே ஏற்கும் வடிவம் வேண்டும் என்று இரு முனையிலும் தமக்குத் தாமே கட்டளை விதித்துக்கொண்ட ஆசிரியரின் பேச்சு இது. இதனை அவர் யாருக்கு எழுதினார் என்பதும் நோக்கற்பாலது. தம்மைப் புகழ்ந்த அமெரிக்கச் செல்வர்க்கு அன்று. தம் துறவியுடன்பிறப்பினர்க்கும் அன்று. வீடு வீடாகச் சென்று வழிச்செலவு திரட்டிய ஆசிரியர்க்கே எழுதினார். வகுப்பறையின் இடர்ப்பாடு வகுப்பறை அறிந்தவர்க்கே விளங்கும் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும்.

7. நூல் பெற்ற ஏற்பும் அதன் விலையும்

நூல் விரைவில் பரவியது. 1896-ஆம் ஆண்டிலேயே உருசிய நாட்டு எழுத்தாளர் டால்ஸ்டாய் அதனைப் படித்தார். ஹார்வர்டு அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய தம் பெருநூலில் சமாதி நிலையை விளக்க இராஜயோகத்தை மேற்கோள் காட்டினார். அண்மைக் காலத்தில் எலிசபெத் டி மிக்கேலிஸ் என்னும் ஆய்வாளர் 2004-இல் வெளியிட்ட நூலில், இக்கால யோகத்தின் தொடக்கமாக இந்நூலையே சுட்டினார்.

எனினும் வரலாறு விந்தையான வழியில் திரும்பியது. சுவாமிகள் ஒதுக்கிய ஆசனப் பயிற்சியே பின்னாளில் மேலை நாட்டில் யோகம் எனப் பெயர் பெற்றது. வயலின் மேதை யெஹூதி மெனுகின் 1952-இல் பி. கே. எஸ். ஐயங்காரைச் சந்தித்ததும், ஐயங்கார் 1966-இல் ஆசனங்களைப் படங்களுடன் விளக்கி ஆங்கில நூல் வெளியிட்டதும் இத்திருப்பத்தின் அடையாளங்கள். பத்தமடையிற் பிறந்த சுவாமி சிவானந்தரின் மாணவர்களும் 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்கா சென்று ஆசனத்தையும் தியானத்தையும் சேர்த்தே கற்பித்தனர். 2014-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஜூன் 21-ஆம் நாளை உலக யோக நாளாக அறிவித்தபோது, பலர் மனக்கண்ணில் தோன்றியது அமர்ந்து சிந்திக்கும் முனிவர் வடிவம் அன்று. வளைந்து நிமிரும் உடலின் வடிவமே. ஆசிரியர் தெரிவு செய்யலாம். மாணவர் தலைமுறையும் தெரிவு செய்யும் என்பதை இஃது உணர்த்துகின்றது.

இதனினும் ஆழ்ந்த சிக்கல் ஒன்று நூலின் உள்ளேயே உள்ளது. யோகத்தை ஆசிரியர் ஒருவரின் நேர்த்தொடர்பால்தான், சில நிலைகள் நீங்கலாக, தீங்கின்றிக் கற்க இயலும் என்று முன்னுரையில் சுவாமிகள் எச்சரிக்கின்றார். அவ்வெச்சரிக்கை அச்சிட்ட நூலில் உள்ளது. விலை கொடுத்தார் எவரும் வாங்கித் தனியே படிக்கலாம். குருவின் வாயிலாகவன்றிப் பெறலாகாதது என மரபு காத்த ஒன்றை, குரு இல்லாத ஊர்களுக்கும் அந்நூல் கொண்டு சென்றது. இதுவே இம்முயற்சிக்குக் கொடுத்த விலை என்பது எம் கருத்து. பிற்காலத்தில் யோகம் சந்தைப் பொருளானமைக்கு வாயில் இங்கே திறந்தது என்று குறை கூறுவார் கூற்றில் சிறிது உண்மை உண்டு.

ஆயினும் சுவாமிகள் இதனை அறியாதிருந்தார் என்று கூறுதல் பொருந்தாது. நூல் வெளிவந்த அதே 1896-ஆம் ஆண்டில் அவர் தம் துறவியுடன்பிறப்பினரை மேலை நாட்டிற்கு அழைத்தார். சாரதானந்தர் ஏப்ரலில் இலண்டன் அடைந்து, பின் நியூயார்க் சென்றார். அபேதானந்தர் அவ்வாண்டின் பிற்பகுதியில் இலண்டன் வந்து, 1897-இல் நியூயார்க் சென்று நெடுங்காலம் பணியாற்றினார். நூல் ஒரு புறம், ஆசிரியர் மறுபுறம் என இரண்டையும் ஒருங்கே அமைக்க அவர் முயன்றமை தெளிவு. நூல் ஆசிரியரை விட விரைந்து சென்றது. அச்சின் இயல்பு அது.

8. உதகையில் ஒரு கல்லறை

சுவாமிகள் 1896-ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவினின்று புறப்பட்டு, 1897 ஜனவரி 15-ஆம் நாள் கொழும்பிலும், 26-ஆம் நாள் பாம்பனிலும் இறங்கினார். இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம் ஆகிய ஊர்களின் வரவேற்பைப் பெற்றுப் பிப்ரவரி 6-ஆம் நாள் சென்னை சேர்ந்தார். அவருடன் குட்வினும் வந்தார். நியூயார்க்கில் யோக வகுப்புகளை எழுதிய அதே கை, தமிழ்நாட்டு மேடைகளில் அவர் முழங்கியவற்றையும் எழுதியது. கொழும்பு முதல் அல்மோரா வரை ஆற்றிய அச்சொற்பொழிவுகள் 1897-இல் சென்னையில் நூலாயின. அவற்றைப் படித்தே நம் நாட்டு இளைஞர் பலர் தேசப்பற்றில் தளிர்த்தனர்.

பின்னர்க் குட்வின் சென்னையில் தங்கிப் பத்திரிகைப் பணி மேற்கொண்டார். 1898-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் உதகமண்டலத்தில் காய்ச்சலால் இறந்தார். வயது இருபத்தேழு. அங்குள்ள தூய தோமா தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அல்மோராவில் இச்செய்தி கேட்ட சுவாமிகள் பெரிதும் கலங்கி, ஆங்கிலத்தில் கவிதை ஒன்று எழுதிக் குட்வினின் தாயாருக்கு அனுப்பினார். அவ்வாண்டு மே 13-ஆம் நாள், ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன், இராஜமையரும் தம் இருபத்தாறாம் வயதில் மறைந்திருந்தார். பிரபுத்த பாரதம் சென்னையை விட்டு அல்மோராவிற்குச் சென்றது. 1902-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் சுவாமிகளும், 1909-இல் அளசிங்கரும் மறைந்தனர்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. மேலை நாடு அறிந்த யோகம் ஆயத்தமாகச் சென்ற பண்டம் அன்று. நியூயார்க்கின் சிறிய அறைகளில், கேட்டோரை நோக்கி, தெரிந்தும் இணைத்தும் எளிமையாக்கியும் சுவாமிகள் அமைத்த உருவம் அது. அவ்வமைப்பில் அவர் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு, இரண்டையும் அவர் அறிந்திருந்தார். அதனைத் திரிபு என்று பழிப்பதும், மாற்றமே இல்லை என்று போற்றுவதும் அவர் உழைப்பை மறைப்பனவாகும்.

இவ்வமைப்பில் ஒருவர் பெயரே விளங்குகின்றது. உடன் உழைத்தோர் பெயர்கள் மங்கிக் கிடக்கின்றன. காசு திரட்டியவர், பேனாவுடன் காத்திருந்தவர், இரவெல்லாம் தட்டச்சு செய்தவர் இல்லாவிடின் இந்நூல் இல்லை. பிரம்மவாதின், பிரபுத்த பாரதம் ஆகிய இதழ்களின் பழைய தொகுதிகளையும், சென்னை அன்பர்களுக்குச் சுவாமிகள் எழுதிய கடிதங்களையும் ஒருங்கு வைத்து ஆராய்வோர்க்கு இவ்வரலாற்றின் சென்னைப் பகுதி இன்னும் தெளிவாகும். தமிழ் ஆராய்ச்சி மாணவர் அப்பணியை மேற்கொள்ளுதல் வேண்டும். உதகை செல்லும் தமிழர் அக்கல்லறையின் அருகே சிறிது நேரம் நின்று வருதலும் நன்று.